பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டும் உடலும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வலக்கை ஆட்டக்காரரான நீங்கள் இரண்டு ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடி வருகிறீர்கள். நடுத்தரத் தூரத்துக்கான செவன் அயர்னில் அடிக்கும்போது சில பந்துகளுக்கு முன்பே கிளப், அதாவது மட்டை, மண்ணைக் கொத்துகிறது, சில பந்துகளின் வயிற்றில் பட்டுத் தரையோடு ஓடுகிறது, நன்றாகப் பட்டவையும் உயரமாக எழும்பித் தூரம் போகாமல் விழுகின்றன. கைபேசியில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, இம்பாக்ட்டில், அதாவது கிளப் பந்தைத் தொடும் கணத்தில், இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடிந்திருப்பதும், எடை வலது காலிலேயே தங்கியிருப்பதும், இடுப்பு இன்னும் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிகின்றன. மணிக்கட்டை மடியவிடாமல் இறுக்கிப் பிடித்து அடித்தால் பந்து வலப்பக்கம் போய்விடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது என்பது கேள்வி.

கேள்வியின் கடைசிப் பகுதியில்தான் விடை இருக்கிறது. மணிக்கட்டை இறுக்கினால் பந்து வலப்பக்கம் போகிறது என்றால், உங்கள் மணிக்கட்டு காரணமில்லாமல் மடியவில்லை. வலப்பக்கம் திறந்திருக்கும் கிளப் ஃபேஸை, அதாவது பந்தைத் தொடும் முகப்பை, கடைசி நேரத்தில் இலக்கை நோக்கித் திருப்புவதற்காக உங்கள் உடல் தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. அந்த வேலையை வேறு எங்காவது முன்னதாகவே முடித்துக் கொடுக்காமல் மணிக்கட்டை மட்டும் தடுத்தால் பந்து வலப்பக்கம்தான் போகும். இரண்டு நாளில் நீங்களும் பழைய வழிக்கே திரும்பிவிடுவீர்கள். பல ஆண்டுகளாக இந்தக் குறையோடு வருபவர்களைப் பார்த்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலானோர் மணிக்கட்டோடு மட்டுமே மல்லுக்கட்டி, அது திருந்தாமல் சோர்ந்து போனவர்கள்.

இம்பாக்ட் எவ்வளவு குறுகிய நேரம் என்பதை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பந்து கிளப் ஃபேஸோடு ஒட்டியிருப்பது ஏறக்குறைய அரை மில்லி விநாடி மட்டுமே. மேலிருந்து கிளப் இறங்கிப் பந்தைத் தொடுவதற்கே கால் விநாடி அளவுதான் ஆகிறது; ஒன்றைக் கண்டு அதற்கேற்ப அசைய மனிதனுக்கு அதில் பெரும்பகுதி செலவாகிவிடும். ஆகவே 'பந்தைத் தொடும்போது மணிக்கட்டை இப்படி வை' என்று நினைத்துக்கொண்டு அடிப்பதால் பயனில்லை. இம்பாக்ட் நிலை என்பது நிற்கும் விதம், பிடிக்கும் விதம், கீழே இறங்கத் தொடங்கும் விதம் ஆகியவை சேர்ந்து கொண்டுவந்து விடும் இடம்.

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும்? நடுத்தர அயர்ன்களில் தேர்ந்த ஆட்டக்காரர்களைப் பார்த்தால், கைகள் பந்தைவிடச் சற்று முன்னால், அதாவது இலக்கின் பக்கம், இருக்கும். ஷாஃப்ட், அதாவது கிளப்பின் தண்டு, இலக்கை நோக்கிச் சில டிகிரி சாய்ந்திருக்கும். இடது மணிக்கட்டு தட்டையாகவோ உள்ளங்கைப் பக்கம் சிறிது மடிந்தோ இருக்கும். வலது மணிக்கட்டு அதற்கு நேர்மாறாகப் புறங்கைப் பக்கம் மடிந்திருக்கும். எடையின் பெரும்பகுதி இடது காலுக்கு வந்திருக்கும். இடுப்பு இலக்கை நோக்கி ஏறக்குறைய 40 டிகிரி திரும்பியிருக்கும், மார்பு அதைவிடக் குறைவாகத் திரும்பியிருக்கும். கிளப் சற்றுக் கீழ்நோக்கி வந்து முதலில் பந்தையும் பிறகு மண்ணையும் தொடுவதால், புல் பெயர்ந்த இடம், அதாவது டிவட், பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தொடங்கும்.

அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக் இதற்கு நல்ல சான்று. அவருடைய கிளப் மேலே போகும் பாதையும் கீழே வரும் பாதையும் வேறு வேறு. மேலே ஒரு வளையம் போட்டு இறங்குவதால் புதிதாகப் பார்ப்பவர் இதெல்லாம் ஒரு ஸ்விங்கா, இப்படியா கிளப்பை வீசுவது என்றுகூடக் கேட்கலாம். ஆனால் பந்தைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்தினால் இடுப்பு நன்றாகத் திரும்பி, இடது மணிக்கட்டு தட்டையாக, பாடத்தில் வரையலாம் போல நிற்பார். 2003இல் யு.எஸ். ஓப்பன் எனும் பெரும் போட்டியை வென்றதும், 2016இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஒரே சுற்றை 58 அடிகளில் முடித்ததும் அந்த ஸ்விங்கில்தான். ஜோர்டன் ஸ்பீத் இன்னொரு வகை: பந்தைத் தாண்டும்போது அவருடைய இடது முழங்கை மடிந்திருக்கும், பல பயிற்சியாளர்கள் குறை என்று திருத்தும் நிலை அது. ஆனாலும் மணிக்கட்டு குலைவதில்லை, உடல் திரும்புவது நிற்பதில்லை. 2015இல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன் இரண்டையும் வென்றார். எல்லாரையும் போல அழகாக ஆட வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். தோற்றம் எப்படி இருந்தாலும் இந்த ஒரு கணத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துசேர்கிறார்கள்.

இனி உங்கள் ஃபேஸ் ஏன் திறக்கிறது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். செவன் அயர்னை எடுத்து வழக்கம்போல நில்லுங்கள். ஷாஃப்ட் நேராக, ஃபேஸ் இலக்கைப் பார்த்தபடி இருக்கட்டும். இப்போது பிடியை மாற்றாமல், உடலைத் திருப்பாமல், கைகளை மட்டும் நான்கு அங்குலம் இலக்கின் பக்கம் தள்ளுங்கள். கிளப் தலை பின்தங்கும். குனிந்து பார்த்தால் ஃபேஸ் வலப்பக்கம் திறந்திருப்பது தெரியும். நீங்கள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து அடித்த ஒவ்வொரு முறையும் நடந்தது இதுதான். அதே நிலையில் நின்றபடி இடது புறங்கையைத் தரைப் பக்கமாகச் சிறிது முறுக்குங்கள்: மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் வளையும், ஃபேஸ் மூடும். பிறகு இடுப்பையும் மார்பையும் இலக்கின் பக்கம் திருப்புங்கள்: ஃபேஸ் இன்னும் இடப்பக்கம் வரும். கைகள் முன்னால் போவதால் திறக்கும் ஃபேஸை மணிக்கட்டின் வளைவும் உடலின் திருப்பமும் சேர்ந்து மூடுகின்றன. மணிக்கட்டையும் உடலையும் தனித்தனியாகத் திருத்த முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தச் சோதனைதான்.

ஃபேஸுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பந்து புறப்படும் திசையைக் கிளப் வரும் பாதைதான் முடிவு செய்கிறது என்று வெகுகாலம் கற்பிக்கப்பட்டது. ரேடார் கருவிகள் வந்தபின், புறப்படும் திசையில் பெரும்பங்கு ஃபேஸுடையது என்பது தெளிவாகிவிட்டது. அயர்ன்களில் முக்கால் பங்குக்குக் குறையாமல், நெடுந்தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் அதற்கும் மேலாக. உங்கள் உடலுக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். வலப்பக்கம் போன நூறு பந்துகளைப் பார்த்த பிறகு, ஃபேஸ் மூட அவகாசம் கிடைப்பதற்காக அது இடுப்பை நிறுத்துகிறது, கிளப் தலையைக் கைகளைத் தாண்டி வீசுகிறது. திசை ஓரளவு காப்பாற்றப்படுகிறது. ஆனால் ஷாஃப்ட் பின்பக்கம் சாய்வதால் லாஃப்ட், அதாவது ஃபேஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், கூடுகிறது. உங்கள் செவன் அயர்னின் லாஃப்ட் 34 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் எட்டு டிகிரி முன்னால் சாயும்போது பந்தைத் தொடுவது ஏறக்குறைய 26 டிகிரி. ஐந்து டிகிரி பின்னால் சாய்ந்தால் 39. பழைய கணக்கில் அது, இதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் எய்ட் அயர்னின் லாஃப்ட்டையும் தாண்டிவிட்டது. உயரமாக எழும்பித் தூரம் போகாத பந்துகளின் கதை இதுதான்.

ஆகவே முதலில் கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதம். இடது கையைப் பிடித்தபின் குனிந்து பார்க்கும்போது எத்தனை விரல் முட்டிகள் தெரிகின்றன? ஒன்று அல்லது ஒன்றரைதான் என்றால் பிடி உங்களுக்குப் பலவீனமானது. இரண்டரை முட்டிகள் தெரியும் அளவுக்கு இடது கையை வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் மடிப்பு வலது தோளைக் காட்டட்டும். வலது கையும் அதற்கேற்பக் கிளப்பின் அடிப்பக்கமாகச் சற்றுத் திரும்பட்டும். கிளப் உள்ளங்கையில் படுக்காமல் விரல்களின் அடியில் இருக்க வேண்டும். ஓரிரு வாரம் இது மிகவும் அந்நியமாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அந்தக் காலத்துப் பெரும் ஆட்டக்காரர் பென் ஹோகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மணிக்கட்டைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அவர் பெயர் வந்துவிடும். இம்பாக்ட்டில் இடது மணிக்கட்டின் எலும்பு மேலெழுந்து இலக்கை நோக்கி நிற்க வேண்டும் என்று 1957இல் அவர் எழுதியது இன்றைக்கும் பொன்னான குறிப்பு. ஆனால் அவர் காட்டிய பலவீனமான கிரிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹோகன் தம் இளமையில் பந்து கடுமையாக இடப்பக்கம் வளையும் ஹூக்கால் அவதிப்பட்டவர். அவருடைய கிரிப் அந்த நோய்க்கான மருந்து. வலப்பக்கம் போகும் பந்தோடு போராடும் உங்களைப் போன்றவருக்கு அதே மருந்து நோயைக் கூட்டும். புத்தகத்தில் படித்ததைத் தனக்குப் பொருந்துமா என்று பாராமல் எடுத்துக்கொண்டு, உழைப்பெல்லாம் வீணாகிப்போன நல்ல ஆட்டக்காரர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

கிரிப்புக்குப் பிறகு, கீழே இறங்கத் தொடங்கும்போது மணிக்கட்டு. பழைய கியர் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இது ஒரே வரியில் புரியும்: இடது கைப்பிடியை இரண்டாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு முன்னோக்கி முறுக்குவீர்களே, அந்த அசைவுதான். விரல் முட்டிகள் கீழே போகும், மணிக்கட்டின் மேற்புறம் மேடாகும். கைகள் இடுப்பு உயரத்துக்கு இறங்குவதற்குள் இந்த முறுக்கு முடிந்திருக்க வேண்டும். டஸ்டின் ஜான்சன், காலின் மொரிகாவா, ஜான் ராம் ஆகிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் கிளப் மேலே இருக்கும்போதே மணிக்கட்டை வளைத்துவிடுகிறார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, மேலே தட்டையாக இருந்து இறங்கும்போது வளைந்தாலே போதும். இதைச் சோதிக்க ஓர் எளிய கருவி: அரையடி பிளாஸ்டிக் ஸ்கேலை இடது கையில் கடிகாரப் பட்டைக்கு அடியில், பாதி முன்கை மீதும் பாதி புறங்கை மீதும் இருக்கும்படி செருகிக்கொள்ளுங்கள். பந்தில்லாமல் மெதுவாக அரை ஸ்விங் எடுத்துப் பந்து இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். மணிக்கட்டு மடிந்தால் ஸ்கேல் புறங்கையை அழுத்திக் காட்டிக்கொடுத்துவிடும். வளைந்திருந்தால் ஸ்கேலின் நுனிக்கும் புறங்கைக்கும் இடையில் இடைவெளி தெரியும். ஒரு நாளைக்கு இருபது முறை, கண்ணாடி முன்னால். முழு வேகத்தில் ஸ்கேலோடு அடிக்க வேண்டாம்.

இனி உடல். எடை வலது காலில் தங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், பந்தைத் தூக்கி எழுப்ப வேண்டும் என்ற எண்ணம். பந்தை எழுப்புவது கிளப்பின் லாஃப்ட். நீங்கள் பின்னால் சாய்ந்து உதவ வேண்டியதில்லை. கிரிக்கெட்டில் முன்காலை நன்றாக எடுத்து வைத்து, கைகளை மட்டைக்கு முன்னால் கொண்டுவந்து தரையோடு ஒரு டிரைவ் ஆடிய அனுபவம் இருந்தால் அந்த உணர்வை இங்கே கொண்டுவாருங்கள். பின்காலில் சாய்ந்து தூக்கி அடிக்கும் உணர்வு இங்கே வேண்டாம்.

எடை மாறுவது எப்போது தொடங்க வேண்டும் என்பதில் பலரும் தாமதிக்கிறார்கள். கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, கடைசிக் கட்டத்தில், இடது பாதம் தரையை அழுத்தத் தொடங்க வேண்டும். கைகள் இறங்கத் தொடங்கியபின் மாற்றலாம் என்றால் கால் விநாடியில் அது நடக்காது. இதற்குக் காலடிப் பயிற்சி உதவும்: இரு பாதங்களையும் சேர்த்து வைத்து நில்லுங்கள், கிளப்பை மேலே கொண்டுபோகும்போதே இடது காலை இலக்கின் பக்கம் எடுத்து வையுங்கள், பாதம் ஊன்றிய பிறகு அடியுங்கள். முதல் நாள் பந்து சிதறும், மூன்றாம் நாள் தாளம் பிடிபடும்.

எடை வந்தபின் இடது இடுப்பு பின்பக்கமாக, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரை நோக்கி, விலக வேண்டும். இது நடக்காமல் இடுப்பு பந்தை நோக்கி முன்னால் தள்ளப்பட்டால் கைகளுக்கு இடமே இல்லாமல் போகிறது. உடல் நிமிர்கிறது, கைகள் மேலெழுகின்றன, கிளப் தலை தரையைத் தொடுவதற்கு மணிக்கட்டை அவிழ்த்துவிடுவது தவிர வேறு வழியில்லை. பின்புறம் ஒரு நாற்காலியின் முதுகு லேசாகத் தொடும்படி நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பழகுங்கள். மேலே போகும்போது வலது பின்புறம் நாற்காலியைத் தொடட்டும், இம்பாக்ட்டுக்கு வரும்போது இடது பின்புறம் தொடட்டும். எந்த நேரத்திலும் இரண்டும் ஒருசேர நாற்காலியை விட்டு விலகிவிடக் கூடாது. இடுப்பு எளிதில் திரும்பாதவர்கள் நிற்கும்போதே இடது பாதத்தை இலக்கின் பக்கம் 20, 30 டிகிரி திருப்பி வைத்துக்கொள்ளலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இதை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். உடலின் எல்லையை ஏற்றுக்கொண்டு ஸ்விங்கை அமைப்பதில் குறைவேதும் இல்லை. வலது பாதம் வளைந்து பிறந்ததால் அந்தக் கணுக்காலில் அசைவு குறைவு என்று 2021இல் வெளிப்படையாகச் சொன்ன ஜான் ராம், அந்தக் காரணத்தாலேயே மேலே குறைந்த தூரமே போகும் ஸ்விங்கை வைத்துக்கொண்டிருக்கிறார்.

உடல் திரும்பாமல் நிற்பதற்கு நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஓர் அறிவுரையும் காரணம்: 'தலையைத் தூக்காதே, பந்தையே பார்.' தவறாக அடித்த ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நிற்பவர் சொல்வது இது. தலையை ஆணி அடித்தாற்போல் வைத்துக்கொண்டால் மார்பு திரும்ப முடியாது. மார்பு நின்றால் கைகள் முந்தும், மணிக்கட்டு மடியும். 2001இல் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்த அன்னிகா சோரன்ஸ்டாம், 1999இல் அதே எண்ணிக்கையைத் தொட்ட டேவிட் டுவால் இருவருக்கும் பந்தைத் தொடும்போதே முகம் இலக்கின் பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். தலை உயர்வது வேறு, திரும்புவது வேறு. உயரம் மாறாமல், மார்போடு சேர்ந்து அது திரும்பட்டும்.

இவையெல்லாம் ஒன்றுசேர்கின்றனவா என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கருவி ஒரு கைப்பிடி கோலமாவு. புல்தரையில் இலக்குக்குக் குறுக்காக ஐந்து முழ நீளத்துக்குக் கோடு இழுங்கள். கோடு இடது காலுக்குச் சற்று நெருக்கமாக, வழக்கமாகப் பந்து இருக்கும் இடத்தில் வரும்படி நின்று, பந்தில்லாமல் ஸ்விங் செய்யுங்கள். கிளப் தரையைத் தொட்ட இடம் கோட்டின் மீதோ முன்னாலோ தொடங்க வேண்டும். உங்களுக்கு முதலில் நான்கைந்து அங்குலம் பின்னால் விழும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஸ்விங்குக்கும் கோட்டின் வழியாக ஒரு சாண் நகர்ந்துகொண்டே போங்கள். பத்து ஸ்விங் முடிந்து திரும்பிப் பார்த்தால், வெள்ளைக் கோடு எங்கே அழிந்திருக்கிறது, எங்கே அழியாமல் அதன் பின்னால் மண் மட்டும் கீறியிருக்கிறது என்பது ஒரு வரைபடம்போல் கிடக்கும். பத்தில் ஏழு கோட்டுக்கு முன்னால் வந்த பிறகுதான் பந்தை வைக்க வேண்டும். ரேஞ்சில், அதாவது பயிற்சித் திடலில், விரிக்கப்பட்டிருக்கும் பாயில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு பந்தைத் தொட்டுவிடும், சத்தமும் நன்றாகவே கேட்கும். பாய்தான் கிடைக்கும் என்றால் பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டு ஒன்றைப் போட்டு, அதைத் தொடாமல் அடிக்கப் பழகுங்கள்.

இன்னொரு பயிற்சி மொட்டை மாடிக்கு உரியது. பழைய துணிகளை அடைத்த கோணிப்பையைப் பந்தின் இடத்தில் வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து மெதுவாக இறங்கிக் கிளப் தலையால் அழுத்தி அங்கேயே நில்லுங்கள். பை எதிர்க்கும்போதுதான் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியும். எடை வலது காலில் இருந்தால் பை உங்களைப் பின்னால் தள்ளும். இடது கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, மணிக்கட்டு வளைந்திருந்தால் பைதான் நகரும். அந்த அழுத்தத்தை மூன்று விநாடி உணர்ந்துவிட்டு விடுங்கள். வேகமாக மோத வேண்டாம். மணல் நிரப்பிய மூட்டையோ டயரோ கூடவே கூடாது. மணிக்கட்டில், குறிப்பாகச் சுண்டுவிரல் பக்கம், வலி வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அந்த இடத்துச் சிறு எலும்பில் விழும் விரிசல் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு வரக்கூடியதே.

பந்தோடு பழகும்போது முழு ஸ்விங்குக்கு அவசரப்படாதீர்கள். கைகள் இடுப்பு உயரம் போய், மறுபுறமும் இடுப்பு உயரத்தில் நிற்கும் அடியை ஒரு மாதம் அடியுங்கள். பந்து தாழ்வாக, ஐம்பது அறுபது கஜம் போகும். முடிவில் மார்பு இலக்கைப் பார்க்க வேண்டும், இடது மணிக்கட்டு இன்னும் மடியாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டை விறைப்பாகப் பிடித்து இதைச் சாதிக்கப் பார்த்தால் வேகம் போய்விடும், கிளப்பின் கழுத்தில் பட்டுப் பந்து வலப்பக்கம் தெறிக்கும். பிடி தளர்வாகவே இருக்கட்டும். உடல் திரும்பிக்கொண்டே இருந்தால் கைகளை முன்னால் வைத்திருக்க வலிமை தேவைப்படாது.

டிரைவருக்கு இந்தப் படத்தை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். பந்து இடது குதிகாலுக்கு நேராக, டீ எனும் சிறு முளையின் மேல் இருப்பதால் கிளப் தன் தாழ்ந்த இடத்தைக் கடந்து பந்தைச் சந்திக்கிறது. ஷாஃப்ட் கிட்டத்தட்ட நேராக நின்றாலே போதும். எடை இடது காலுக்கு வருவதும் இடுப்பு திரும்புவதும் மட்டும் அங்கேயும் அதேதான்.

மாற்றம் வரும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் டிவட் முன்னால் நகரும். பிறகு பந்தின் உயரம் குறையும். சத்தம் மாறுவதை நீங்களே கேட்பீர்கள். தூரம் கடைசியில்தான் வரும். இடையில் ஒரு கட்டத்தில் பந்து இடப்பக்கம் வளைந்து போகத் தொடங்கும். அப்போது பயந்து கிரிப்பைப் பழையபடி மாற்றிவிடாதீர்கள். ஃபேஸ் இப்போது முன்னதாகவே மூடிவிடுகிறது, உடலோ பழைய வழக்கப்படி இன்னும் நிற்கிறது என்பதே அதன் பொருள். கைபேசியை எடுத்து அந்த அடியைப் படம் பிடித்து, இம்பாக்ட்டில் நிறுத்தி, இடுப்புப் பட்டையின் கொக்கி எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். அது பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நாற்காலிப் பயிற்சிக்குத் திரும்புங்கள்; இலக்கின் பக்கம் நன்றாகத் திரும்பியிருந்தும் பந்து இடப்பக்கம் போனால் மட்டும் இடது கையைக் கிரிப்பில் அரை முட்டி அளவுக்குத் திருப்பிக் குறைத்துக்கொள்ளுங்கள்.